மதுரை வட்டாரத்துக்கு ஒரு பொது ஆய்வு வலையமைப்பு: நான்காம் ஆண்டுக் கட்டணத்தை வைத்து ஓர் ஒப்பீடு

வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தை ஒட்டியிருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து, தென்கரையில் தெப்பக்குளத்துக்கு அருகில் இருக்கும் இன்னொரு கல்லூரிக்குப் பாலம் கடந்து போனால் நான்கைந்து கிலோமீட்டர்தான். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருந்தால், ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பும் கோப்பு பெரும்பாலும் சென்னைக்கோ அதற்கும் அப்பாலோ போய், அங்கே ஒரு நிறுவனத்தின் வலையிலிருந்து அடுத்ததற்கு மாறி, மறுபடி மதுரைக்குத் திரும்பி வரும். போக 460 கிலோமீட்டர், வர 460 கிலோமீட்டர். ஆற்றைக் கடக்க ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பயணம். மின்னஞ்சலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆராய்ச்சித் தரவுக்கு அப்படியல்ல; இந்த வட்டாரத்தின் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தங்களுக்குள் ஓர் அதிவேக வலையமைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு ஆய்வுக் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதற்கும் இதுவே காரணம்.

வட்டாரம் என்று இங்கே நான் எடுத்துக்கொள்வது நகருக்குள்ளும் விளிம்பிலும் இருக்கும் நிறுவனங்களை முதலில்: 1966-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், அதாவது இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண் கல்லூரி, 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி, திருப்பரங்குன்றத்தில் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி, 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி ஆகியவை. அடுத்த வட்டத்தில் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம், காரைக்குடியின் அழகப்பா பல்கலைக்கழகமும் மின்வேதியியல் ஆய்வகமும், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

வேகம், விலை, நம்பகம் என்று மூன்று தலைப்பில் கட்டம் போட்டு மதிப்பெண் கூட்டுவது இத்தகைய ஒப்பீடுகளின் வழக்கம். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. நம் நிறுவனங்களுக்குக் கருவி வாங்க எப்போதாவது ஒரு திட்டத்திலிருந்து மானியம் கிடைத்துவிடும். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகைக்கு மட்டும் கணக்குத் தலைப்பே இருக்காது. மூன்றாண்டுத் திட்டம் முடிந்தபின், நான்காம் ஆண்டு ஏப்ரலில் வரும் கட்டணச் சீட்டை யார் கட்டுவார் என்ற கேள்வியை ஒவ்வொரு வழியிடமும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் அளவுகோல்.

எதற்கு வேண்டும் இவ்வேகம்?

வழிகளை எடைபோடும் முன் தேவையைப் பார்த்துவிட வேண்டும். ஒரு டெராபைட் தரவை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்பினால் 22 மணி நேரம் ஆகும். 1 கிகாபிட் இணைப்பில் இரண்டே கால் மணி. 10 கிகாபிட்டில் 13 நிமிடம். இது இணைப்பு முழுவதும் அந்த ஒரு வேலைக்கே கிடைத்தால் மட்டும். கீழடி, கொந்தகை அகழாய்வுகளில் கிடைத்த எலும்புகளின் தொல்மரபணுவை ஆராயும் பணி காமராசர் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. மரபணு வரிசையாக்கக் கருவி ஒரு முறை ஓடினாலே நூற்றுக்கணக்கான கிகாபைட் சேர்ந்துவிடும். தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முன்மாதிரியாக, 85 டன் காந்த இரும்போடு மினி ஐகால் என்ற உணர்கருவி மதுரையிலேயே அமைக்கப்பட்டது. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்திலோ நூறாண்டுக்கும் மேலான சூரியப் படத்தகடுகள் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. ஆகவே தேவை கற்பனையன்று.

ஆனால் தேவையைப் பெருக்கிக் காட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. மின்னிதழ்களைப் பகிர்ந்துகொள்ள வேகமான வலை வேண்டும் என்று முன்பெல்லாம் திட்ட அறிக்கைகளில் எழுதுவோம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் சுமார் 6,300 நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரை ஒருசில மெகாபைட்தான். அதற்குத் தனி வலை தேவையில்லை. விடுதி மாணவர்கள் இரவில் பார்க்கும் காணொளிகளும் நிறுவனங்களுக்கு இடையே ஓடுவதில்லை, வெளியிலிருந்து உள்ளே வருகின்றன. எனவே திட்ட அறிக்கை எழுதும் முன், ஒவ்வொரு வளாகத்திலும் வெளி இணைப்பு நுழையும் எல்லை ரவுட்டரில் ஒரு மாத காலம் போக்குவரத்துப் பதிவை எடுத்து, எவ்வளவு தரவு மதுரைக்குள்ளேயே ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செலவில்லாத இந்தக் கணக்கைப் போடாமல் கருவிகளின் விலைப்பட்டியலைப் பிரிப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றது.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. கட்டணச் சீட்டில் இருக்கும் வேகமும் ஆய்வாளருக்குக் கிடைக்கும் வேகமும் ஒன்றல்ல. அனுப்பும் தரவுப் பொட்டலங்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று வழியில் தவறினாலும், இணையத்தில் தரவை அனுப்பும் விதியான டிசிபி நெறிமுறையின் பழைய வகை தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மெல்ல மெல்ல ஏறும். அந்த இழப்பு அளவில், போய்வர 10 மில்லி விநாடி ஆகும் சென்னைத் தொலைவுக்கு ஓர் ஒற்றை இணைப்பு ஏறத்தாழ 140 மெகாபிட்டைத் தாண்டாது. 150 மில்லி விநாடி ஆகும் ஐரோப்பியத் தொலைவுக்கு 10 மெகாபிட்டைக்கூட எட்டாது. புதிய நெறிமுறைகள் இதைவிட நன்றாக நடந்துகொள்ளும் என்றாலும் அடிப்படை மாறுவதில்லை: 10 கிகாபிட் இணைப்பே வாங்கினாலும், வளாகத்தின் நுழைவில் திணறும் பாதுகாப்புக் கருவியான ஒரு ஃபயர்வாலோ அழுக்கேறிய ஒரு இணைப்பு முனையோ அதை வீணாக்கிவிடும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையான இஎஸ்நெட் பரப்பிய ‘சயன்ஸ் டிஎம்இசட்’ முறை இதற்காகவே: பெருந்தரவு அனுப்பும் கணினிகளைப் பொதுப் போக்குவரத்திலிருந்து பிரித்து, வளாகத்தின் விளிம்பிலேயே, தனிப் பாதுகாப்பு விதிகளோடு வைத்துவிடுவார்கள். கீழே சொல்லப்போகும் எந்த வழியைத் தேர்ந்தாலும் இது வேண்டும். இதற்குப் புதுக் கம்பி ஒரு மீட்டர்கூடத் தேவையில்லை.

அவரவர் இணைப்பும், தேசிய வலையும்

இன்றிருப்பதைப் போலவே ஒவ்வொருவரும் தனித்தனியாக லீஸ்டு லைன், அதாவது தனக்கே ஒதுக்கிய இணைப்பு, வாங்கிக்கொள்வது முதல் வழி. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது மட்டுமே இதன் நன்மை. தொலைத்தொடர்புச் சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு; கல்விச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற வழியில்லை; 100 ரூபாய்க் கட்டணம் கையிலிருந்து 118 ஆகவே போகும். நான்காம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அதே சீட்டு வரும், கையில் எந்தச் சொத்தும் மிஞ்சாது. இதை ஒரு வழி என்று சொல்வதைவிட, முடிவெடுக்காமல் இருப்பது என்று சொல்லலாம்.

இரண்டாவது, இருக்கும் தேசிய வலையையே வலுப்படுத்திக்கொள்வது. இந்தியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1986-ல் மத்திய மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையைத் தொடங்கியபோது அதில் இருந்தவை சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் மென்பொருள் தொழில்நுட்ப மையம், துறையின் அலுவலகம் ஆகிய எட்டு இடங்களே. 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு, பத்தாண்டுக் காலத்துக்கு 5,990 கோடி ரூபாய் மதிப்பில் அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. தேசியத் தகவல் மையம் அதை நடத்துகிறது; இனி தேசிய வலை என்று நான் சொல்வது இதையே. தகவல் தொழில்நுட்பம் வழிக் கல்விக்கான தேசிய இயக்கம் பல்கலைக்கழகங்களுக்கு விநாடிக்கு 1 கிகாபிட் இணைப்பும், கல்லூரிகளுக்கு 512 கிலோபிட் அகலப்பட்டை இணைப்புகளும் தந்தது. செலவில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசுடையது, மீதி நிறுவனத்துடையது. பல்கலைக்கழகத்துக்கும் அதோடு இணைந்த கல்லூரிக்கும் இடையில் இருந்த அந்த இரண்டாயிரம் மடங்கு வேறுபாட்டை எவரும் அப்போது பெரிதாகப் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தேசிய வலையின் பெரும்பலம், அதன் உறுப்பினர்களுக்கு இடையேயான தரவு வணிக இணையத்துக்குள் போகாமல் அதற்குள்ளேயே ஓடுவதும், அங்கிருந்து ஐரோப்பாவின் ஜியான்ட் போன்ற பிற நாட்டு ஆய்வு வலைகளுக்குப் பாதை இருப்பதும். நான்காம் ஆண்டுக் கேள்விக்கும் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே நல்ல விடை தருகிறது. பெரும்பகுதிச் செலவை மத்திய அரசு ஏற்கிறது. குறை என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கும் இணைப்பு. வளாகத்தை எட்டும் கடைசிச் சில கிலோமீட்டர் வேறொரு நிறுவனத்தின் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில், வருகிறது. அது அறுந்தால், புகார் பெறுபவர் ஒருவர், ஃபைபர் வைத்திருப்பவர் இன்னொருவர், தோண்டியவர் மூன்றாமவர். எங்கள் வளாகத்துக்கு வந்த ஓர் இணைப்பு, சாலை வேலைக்கு வந்த ஜேசிபியின் ஒரே வெட்டில் போய், ஒட்டுப்போட ஆள் வருவதற்குள் சித்திரைத் திருவிழா தொடங்கி முடிந்தும் விட்டது. ஒப்பந்தத்தில் 99.5 விழுக்காடு இயங்குநேரம் என்று எழுதியிருந்தாலும், ஆண்டுக்கு 43 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோக அந்த அரை விழுக்காடு இடம் கொடுக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும்போது யாரும் கணக்கிடுவதில்லை.

மாநில அரசின் கண்ணாடி இழை வலையமைப்பையும் இங்கே சொல்லிவிடலாம். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டமாகத் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதற்கு வந்தது அது. கிராமப்புறத்தில் களப்பணி நடத்தும் காந்திகிராமம் போன்ற நிறுவனத்துக்கும், வேளாண் கல்லூரியின் வயல் உணர்கருவிகளுக்கும் அது உதவும். நகருக்குள் பெருந்தரவைச் சுமக்க வடிவமைக்கப்பட்டதன்று.

நகர வளையம்: ஒளியேற்றிய இணைப்பா, வெறும் இழையா?

உண்மையான போட்டி இங்கேதான். பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கி, தேனி சாலை வழியாகக் காளவாசல், கோரிப்பாளையம், அங்கிருந்து ஒத்தக்கடை, திரும்பித் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், மறுபடி நாகமலை புதுக்கோட்டை என்று ஒரு வளையம் போட்டால், சாலை வழியே என் கணக்கில் 50 முதல் 60 கிலோமீட்டர் வரும். அடுத்தடுத்த எந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் 15 கிலோமீட்டரைத் தாண்டாது. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் நல்ல ஃபைபரில் ஒளி மங்கும் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் போல. பழைய ஒட்டுகளையும் சேர்த்து 0.3 என்று வைத்தாலும் 15 கிலோமீட்டருக்கு 4.5 டெசிபெல்தான். 40 கிலோமீட்டருக்கு உரிய சாதாரண ஒளிச்செலுத்திகளே தாராளமாகப் போதும். வழியில் பெருக்கி எதுவும் வேண்டாம். நகரின் அமைப்பு நமக்கு இவ்வளவு சாதகமாக இருக்கிறது.

இந்த வளையத்தை ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் ஒளியேற்றிய சேவையாக வாங்கலாம். அதாவது இரண்டு முனைகளிலும் அவர்களுடைய கருவி, நமக்கு ஓர் ஈதர்நெட் துளை, விநாடிக்கு 10 கிகாபிட் என்று ஒரு கட்டணம். அல்லது ஒளியேற்றாத வெறும் இழைச் சோடியை, துறையில் டார்க் ஃபைபர் என்று சொல்வதை, 15 ஆண்டு பயன்பாட்டு உரிமையாக மொத்தத் தொகைக்கு எடுத்து, கருவியை நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் தொடக்கத்தில் ஒரு பெருந்தொகையும், பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒரு சிறு தொகையும் மட்டுமே. மானியம் ஒருமுறை வந்து நின்றுவிடும் நம் சூழலுக்கு இதைவிடப் பொருத்தமான விலைமுறை இல்லை. இன்று 10 கிகாபிட் ஓடும் அதே இழையில், முனைக் கருவியை மாற்றினால் நாளை 100 கிகாபிட் ஓடும், வாடகை ஏறாது. மின்சாரம் தேவைப்படாத அலைநீளப் பிரிப்பான்களை வைத்தால் ஒரே சோடியில் பதினாறு தனித்தனி இணைப்புகளும் ஓட்டலாம். மருத்துவக் கல்லூரிக்கு ஒளியின் ஒரு நிறம், மரபணு ஆய்வகத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் கொடுத்துவிட முடியும்.

கேட்க நன்றாக இருக்கிறது. இடையில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. இதைச் சொல்லாமல் டார்க் ஃபைபரைப் பரிந்துரைக்கும் அறிக்கைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் நடந்துவந்த உரிம முறையில், உள்கட்டமைப்பு வழங்குநராகப் பதிவு பெற்றவர் வெறும் இழையைத் தொலைத்தொடர்பு உரிமம் பெற்றவருக்கு மட்டுமே குத்தகைக்குத் தரலாம். பல்கலைக்கழகம் உரிமதாரர் அன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்கலைக்கழகங்கள் நேரடியாக இழை வாங்கிய கதைகளைப் படித்துவிட்டு இங்கே அப்படியே நடத்த முனைபவர்கள், டெண்டர் கட்டத்தில் வந்து இந்தச் சுவரில் முட்டுவார்கள். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் உரிமத்துக்குப் பதிலாக அங்கீகாரம் என்ற முறையைக் கொண்டுவந்திருக்கிறது; ஆனாலும் இழையைச் சட்டப்படி கையில் வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர் நடுவில் நிற்க வேண்டும் என்றே திட்டமிடுவது நல்லது.

சாலையைத் தோண்டி நாமே ஃபைபர் பதிப்பதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ரயில்வே, ஆற்றைக் கடக்க நீர்வளத் துறை என்று ஐந்து வாசல்களில் நிற்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வழியுரிமை விதிகள் இவ்வேலையை எளிதாக்கியது அங்கீகாரம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத்தான், நமக்கன்று. ஸ்மார்ட் சிட்டி வேலையில் மாசி வீதிகள் தோண்டிக் கிடந்த காலத்தைக் கண்டவர்கள் மறுபடி ஒரு பள்ளத்துக்குச் சம்மதிக்கவும் மாட்டார்கள். சொந்தப் பள்ளம் வளாகச் சுவருக்குள்ளேயே போதும்.

கம்பியில்லா இணைப்பு வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு சொல். 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறக்கப்பட்டது. அதில் கூரைக்குக் கூரை சில நூறு மெகாபிட் அனுப்பலாம். ஆனால் நாகமலையும் யானைமலையும் குறுக்கிடும் கோணங்கள் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பவும் கூடாது. ஃபைபர் அறுந்த நாளுக்கு மாற்றாக ஓரிரு இடங்களில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

வெளியூர் நிறுவனங்களுக்கு நகர வளையத்தை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. காரைக்குடியும் கொடைக்கானலும் தேசிய வலை வழியாகவே வரட்டும். காந்திகிராமம் மட்டும் விதிவிலக்காகலாம். அம்பாத்துறை ரயில் நிலையத்தை ஒட்டியே அந்த வளாகம் இருக்கிறது, தண்டவாளம் ஓடும் பாதைகளில் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல்லின் ஃபைபரும் ஓடுகிறது, மதுரை சந்திப்பிலிருந்து அது ஒரே நேர்கோடு.

மின்தடை நாள்

வளையம் என்றால் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றித் தரவு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். வளையத்தில் இழை அறுவதைவிட முனை அணைவதே அதிகம் நடக்கும் என்பதைக் கருவி விற்பவர்கள் சொல்வதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வரும். காலை 9 மணிக்குப் போனால் பிற்பகலிலோ மாலையிலோதான் மின்சாரம் திரும்பும். ஒரு கல்லூரியின் யுபிஎஸ் இரண்டு மணி நேரத்தில் அடங்கி, அங்கே தரவைப் பிரித்து அனுப்பும் கருவியான ஸ்விட்ச் அணைந்தால், வளையம் அந்த இடத்தில் திறந்துகொள்ளும். மற்றவர்களுக்கு இன்னும் பாதை உண்டு. அதே நாளில் எதிர்ப்புறத் துணைமின் நிலையத்திலும் பராமரிப்பு என்றால், அங்கும் ஒரு முனை அணைந்து, வளையம் இரண்டு துண்டாகி, நடுவில் சிக்கியவர்கள் ஒத்தக்கடைத் தீவாகவோ திருப்பரங்குன்றத் தீவாகவோ நிற்பார்கள். ஆகவே 100 கிகாபிட் ஸ்விட்ச் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு முனைக்கும் எட்டு மணி நேரப் பேட்டரி வாங்க வேண்டும். முனைகள் எந்தெந்தத் துணைமின் நிலையத்தில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒளியேற்றிய சேவையை வாங்கினால் இந்தத் தலைவலி பாதி குறையும் என்பது உண்மையே. ஆனால் அப்போதும் அவர்களுடைய கருவி நம் கட்டடத்து மின்சாரத்தில்தான் ஓடும்.

யார் பெயரில்?

நம் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே 1966-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று பொதுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மெரிட் என்ற வலையமைப்பைத் தொடங்கின. அது இன்றும் இயங்குகிறது. 2003-ல் அதே நாட்டில் தொடங்கிய நேஷனல் லாம்ப்டாரெயில், நாடு முழுவதும் நீண்டகால உரிமையில் இழையை எடுத்துத் தானே ஒளியேற்றியது; கருவியிலும் வேகத்திலும் அதைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் 1996-ல் 34 பல்கலைக்கழகங்கள் கூடித் தொடங்கிய இன்டர்நெட்2 ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் இணைக்கும் பேச்சு கூடிவரவில்லை. உறுப்பினர்கள் இரண்டு சந்தா கட்ட வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில் லாம்ப்டாரெயில் நிறுத்தப்பட்டது. இழை சொந்தமாக இருந்தும் ஒரு வலை மூடப்படலாம் என்பதற்கு அதுவே போதுமான சான்று. அந்தக் கதையிலிருந்து நமக்கு வேண்டிய பாடம், தேசிய வலைக்குப் போட்டியாக ஒன்றைக் கட்டாதே என்பது. நகர வளையம் தேசிய வலையின் கடைசிச் சில கிலோமீட்டரைப் பலப்படுத்துவதாக, அதன் இரண்டு நுழைவாயில்களுக்கு எல்லோரையும் கொண்டுசேர்ப்பதாக இருக்க வேண்டும்.

பக்கத்திலேயே இலங்கையில் லேர்ன் என்ற அமைப்பு யாழ்ப்பாணம் உட்படப் பல்கலைக்கழகங்களை இணைத்து நடத்தப்படுகிறது. மதுரை அளவுக்கு ஏற்ற பாடங்கள் மிச்சிகனைவிட அங்கே அதிகம் கிடைக்கலாம்.

இங்கே ஒரு பொது அமைப்பு இரண்டு விதமாக அமையலாம். ஒரு பல்கலைக்கழகம் தலைமை ஏற்று, மற்றவர்கள் அதற்குப் பங்குத்தொகை கட்டுவது எளிது. ஆனால் துணைவேந்தர் பதவி காலியாக இருக்கும் மாதங்களில் எல்லாம் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டிவரும், தனியார் கல்லூரியின் செயலரும் அரசுக் கல்லூரியின் முதல்வரும் ஒரே கோப்பில் சேர்வதும் எளிதாக நடவாது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிவது தொடக்கத்தில் ஓராண்டை விழுங்கினாலும், தனி வங்கிக் கணக்கும் தனி ஊழியர்களும் கிடைக்கும். பொது நிறுவனங்கள் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால், சங்கமும் தொடக்கத்திலிருந்தே அந்த ஒழுங்கையே பின்பற்றிவிடுவது பின்னால் வரும் தணிக்கைக்கு நல்லது. ஊழியர் என்று நான் சொல்வது குறைந்தது இரண்டு பொறியாளர்கள். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் இரவு எழுந்து போக வேண்டும். அவர்கள் சம்பளம்தான் நான்காம் ஆண்டின் உண்மையான செலவு, ஃபைபர் வாடகை அல்ல. பங்குத்தொகையை மாணவர் எண்ணிக்கையால் பிரிப்பதை நான் ஏற்கவில்லை. இணைப்பின் அளவால் பிரிக்க வேண்டும். ஐயாயிரம் மாணவிகள் படிக்கும் கலைக்கல்லூரி, நூறு பேர் இருக்கும் ஆய்வகத்தின் தரவுக்குப் பணம் கட்டுவது நியாயமன்று.

என் தேர்வு

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், வெளியுலகுக்குத் தேசிய வலை, நகருக்குள் நீண்டகால முன்பணத்தில் எடுத்த வளையம் என்ற கலவையே நிற்கும். வளையம் வெறும் இழையா ஒளியேற்றிய சேவையா என்பதில் என் மனம் இழையின் பக்கம். எர்நெட்டோ தேசியத் தகவல் மையமோ இழையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அதையே எடுக்க வேண்டும். அந்தச் சம்மதம் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் வராவிட்டால், காத்திருக்காமல் ஒளியேற்றிய 10 கிகாபிட் சேவையை ஐந்தாண்டுக் கட்டணம் முன்கூட்டியே செலுத்தி வாங்கிவிடுவது மேல். வேகத்தை உயர்த்தும்போது கட்டணம் எப்படி ஏறும் என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். நிறுவனங்களுக்கிடையே மாணவர், ஆசிரியரின் கணக்கு ஒன்றே எங்கும் செல்லும்படி செய்யும் எடுரோம் வசதியை எர்நெட் நடத்துகிறது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மைய அமைப்பான இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் என்ற பொது நுழைவு வசதி வழியாக மின்னிதழ்களுக்கான நூலக நுழைவும் கிடைக்கும். இவை இரண்டும் எந்த வளையத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை, இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.

எல்லோரையும் ஒரே நாளில் சேர்க்கும் ஆசையும் வேண்டாம். பல்கலைக்கழகம், திருப்பரங்குன்றம், மருத்துவக் கல்லூரி என்று மூன்று முனையோடு தொடங்கி, ஓராண்டுப் போக்குவரத்துப் பதிவைப் பார்த்துவிட்டு ஒத்தக்கடைக்குப் போகலாம். முதல் டெண்டரில் நான் எழுதச் சொல்லும் நிபந்தனைகள் மூன்றே: வளையத்தின் இரண்டு கரங்களும் ஒரே பாலத்தின் வழியாக வைகையைக் கடக்கக் கூடாது; அறுந்த இழையை ஒட்டுவதற்கான கால அளவு மணிக்கணக்கில் குறிப்பிடப்பட்டு, தவறினால் பிடித்தம் தானாகவே நடக்க வேண்டும்; பாதையின் வரைபடம், ஒவ்வொரு ஒட்டின் இடத்தோடும், சங்கத்தின் கையில் தரப்பட வேண்டும். கடைசி நிபந்தனைக்கு நிறுவனங்கள் முகம் சுளிக்கும், விலையைக்கூடச் சற்று ஏற்றும். அந்த வரைபடம் இல்லாமல், மாநகராட்சிப் பொறியாளர் எந்தத் தெருவைத் தோண்டப்போகிறார் என்று தெரிந்தும்கூட நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.